லினக்ஸ் சர்வரோட சூட்டை பாக்குறதும் ஃபேனை கட்டுப்படுத்துறதும்: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், டெம்பரேச்சர் சாஃப்ட்வேர் எதுவும் சர்வரை குளிர வைக்காது. குளிர வைக்கிறது ஹீட்சிங்க், ஃபேன், ரூம்ல ஓடுற ஏசி, இவ்வளவுதான். சாஃப்ட்வேர் எவ்வளவு சூடுன்னு எடுத்துச் சொல்லும், நீங்க அனுமதிச்சா ஃபேன் எவ்வளவு வேகமா சுத்தணும்னும் சொல்லும். முதல் வேலைக்கு பத்து நிமிஷம் போதும், எதுவும் கெட்டுப் போகாது. ரெண்டாவதுல கை வைக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் நிதானம் வேணும். ஆனா நிறைய பேர் தலைகீழா ஆரம்பிக்கிறாங்க, ஃபேன் சத்தம் தாங்கலன்னு நேரா ஃபேனை குறைக்கப் போறாங்க, ஸ்க்ரீன்ல வர்ற எந்த நம்பர் எந்த பார்ட்டோடதுன்னே தெரியாம. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், அந்தக் கதை கீழ வருது.

இன்னொண்ணு, கமாண்ட் எல்லாத்தையும் வாயால சொல்ற மாதிரி தமிழ் எழுத்துலயே எழுதிருக்கேன். டைப் பண்றப்ப இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிச்சுக்கோங்க, சொல்றதை அப்படியே அடிச்சா போதும்.

சரி, இந்த நம்பர் எங்கேர்ந்து வருதுன்னு முதல்ல பாப்போம், ஏன்னா இது புரிஞ்சுட்டா பாதி குழப்பம் போயிடும். சிபியுக்குள்ளயே சென்சார் இருக்கு, ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியா. மதர்போர்டுல சூப்பர் ஐஓன்னு ஒரு சின்ன சிப் இருக்கும், பெரும்பாலும் நுவோடான் இல்லன்னா ஐடிஇ கம்பெனியோடது, அது போர்டோட சூடு, ஃபேனோட சுத்து வேகம், வோல்டேஜ் இதெல்லாம் பாத்துக்கும். டிஸ்க்குக்குள்ள அதுக்குன்னு தனி சென்சார். இதுல ஒவ்வொண்ணுக்கும் லினக்ஸ் கெர்னல்ல ஒரு டிரைவர் இருக்கு, இன்டெல் சிபியுக்கு கோர்டெம்ப், ஏஎம்டிக்கு கே10டெம்ப், நுவோடானுக்கு என்சிடி6775, ஐடிஇக்கு ஐடி87. இந்த டிரைவர் எல்லாம் தான் படிச்சதை கொண்டு வந்து /சிஸ்/கிளாஸ்/ஹெச்டபிள்யூமான் ஃபோல்டர்ல சாதாரண ஃபைலா வெச்சிடும். அங்க போய் டெம்ப்1_இன்புட்னு ஒரு ஃபைலை கேட் போட்டுப் பாத்தா 45000னு வரும். பயப்படாதீங்க, அது மில்லி டிகிரி, ஆயிரத்தால வகுத்தா 45 டிகிரி. நீங்க இன்ஸ்டால் பண்ணப் போற சாஃப்ட்வேர் எல்லாமே கடைசில இந்த ஃபைலைத்தான் படிக்குது, மந்திரம் ஒண்ணும் இல்ல.

இன்ஸ்டாலுக்கு முன்னாடி ஒரு கேள்வி: உங்க சர்வர் எந்த ரகம்? வாடகைக்கு எடுத்த விபிஎஸ், இல்ல ஏதோ ஒரு விர்ச்சுவல் மெஷின்னா இதை இங்கயே நிறுத்திடலாம். விஎம்முக்குள்ள நிஜ சென்சார் தெரியாது, என்ன இன்ஸ்டால் பண்ணாலும் "நோ சென்சார்ஸ் ஃபவுண்ட்"னுதான் வரும், அது உங்க தப்பு இல்ல. சூடு பாக்கணும்னா அடில ஓடுற ஹோஸ்ட் மெஷின்ல பாக்கணும். ரேக்ல மாட்டுற நிஜமான சர்வர்னா அதுல பிஎம்சின்னு ஒரு குட்டி கம்ப்யூட்டர் தனியா உக்காந்திருக்கும், ஃபேன் அதோட கையில இருக்கு, அதைப் பத்தி பின்னாடி சொல்றேன். பழைய டெஸ்க்டாப்பை சர்வரா மாத்தினது, நீங்களே பார்ட் வாங்கி அசெம்பிள் பண்ணதுன்னா, இங்க சொல்றது முழுசா உங்களுக்குத்தான்.

டெபியன், உபுண்டுல "சுடோ ஆப்ட் இன்ஸ்டால் எல்எம்-சென்சார்ஸ்". ஃபெடோரா, ரெட்ஹேட் பக்கம்னா டிஎன்எஃப், பேர்ல நடுவுல ஹைஃபனுக்கு பதிலா அண்டர்ஸ்கோர், இந்த ஒரு எழுத்துக்கு நான் ஒரு தடவை பத்து நிமிஷம் தேடிருக்கேன். (எல்எம்ங்குறது எல்எம்78னு ஒரு பழைய சென்சார் சிப்போட பேர்லேர்ந்து வந்தது, அந்த சிப்பை இன்னிக்கு யாரும் பாத்திருக்க மாட்டாங்க, பேர் மட்டும் நிக்குது.) இன்ஸ்டால் ஆனதும் "சுடோ சென்சார்ஸ்-டிடெக்ட்" ஓட்டணும். இது வரிசையா கேள்வி கேக்கும், இந்த பஸ்ஸை தேடட்டுமா, அந்த சிப்பை தேடட்டுமான்னு. ஒவ்வொரு கேள்வி முடிவுலயும் பிராக்கெட்ல யெஸ், நோ ரெண்டும் இருக்கும், எது பெரிய எழுத்துல இருக்கோ அதுதான் அதோட பரிந்துரை, வெறும் என்டர் தட்டினா அதையே எடுத்துக்கும். தேடுற கேள்வி எல்லாத்துக்கும் என்டர் தட்டிட்டே போங்க. சும்மா எல்லாத்துக்கும் யெஸ் அடிக்காதீங்க, ஏன்னா பழைய காலத்துல சில திங்க்பேட் லேப்டாப்ல இந்த மாதிரி தேடப் போய் ஈப்ராம்னு செட்டிங்கை வெச்சிருக்குற சின்ன மெமரி சிப் கெட்டுப்போய் மெஷினே எழுந்திரிக்காம போன சம்பவம் உண்டு, அதுக்கப்புறம்தான் இந்த டூல்ல எச்சரிக்கையை எல்லாம் நல்லா கூட்டினாங்க.

ஆனா கடைசி கேள்வில மட்டும் நின்னு படிங்க. டெபியன், உபுண்டுல "கண்டுபிடிச்ச மாட்யூலை எல்லாம் /இடிசி/மாட்யூல்ஸ் ஃபைல்ல சேத்துடட்டுமா"ன்னு கேக்கும், மாட்யூல்ங்குறது மேல சொன்ன அந்த டிரைவர்தான், அங்க பெரிய எழுத்துல இருக்குறது நோ! அதுவரைக்கும் என்டர் தட்டின வேகத்துல அதுக்கும் என்டர் தட்டினா எதையும் சேக்காம முடிச்சிடும், அப்புறம் சென்சார்ஸ் கமாண்ட் போட்டா சிபியு மட்டும் வருது, ஃபேன் வேகம் வரவே இல்லைன்னு உக்காந்திருப்பீங்க. அங்க யெஸ்னு முழுசா டைப் பண்ணுங்க. அப்புறம் ஒரு ரீபூட், இல்லன்னா அது சொன்ன மாட்யூல் பேரை மாட்ப்ரோப் போட்டு கையால ஏத்திக்கலாம்.

இப்ப "சென்சார்ஸ்"னு மட்டும் அடிங்க, சுடோ வேண்டாம். இன்டெல்னா கோர்டெம்ப்-ஐஎஸ்ஏ-0000ன்னு ஒரு தலைப்பு, அதுக்குக் கீழ "பேக்கேஜ் ஐடி 0" வரில +45.0 டிகிரி, பக்கத்துல ஹை 80, கிரிட் 100ன்னு இருக்கும், கீழ ஒவ்வொரு கோரும் தனித்தனி வரி. இதுல கிரிட்டுங்குறது சிபியு தன்னைத்தானே காப்பாத்திக்க ஆரம்பிக்கிற எல்லை, நிறைய இன்டெல் சிப்புல அது 100 டிகிரி. இன்னும் சுவாரசியமான விஷயம், இன்டெல் சென்சார் "நான் 45 டிகிரில இருக்கேன்"னு சொல்றதே இல்ல, "எல்லைக்கு இன்னும் 55 இருக்கு"ன்னுதான் சொல்லும், டிரைவர்தான் 100லேர்ந்து கழிச்சு நமக்குக் காட்டுது. அதனால எல்லைகிட்ட வர்றப்ப நம்பர் நல்லா துல்லியமா இருக்கும், ரொம்ப குளிர்ந்து இருக்குறப்ப கொஞ்சம் முன்னப்பின்ன காட்டும். ஒரு கோர் 31, பக்கத்து கோர் 36ன்னு காட்டினா அதுக்காக தூக்கத்தை விடாதீங்க.

ஏஎம்டில டிசிடிஎல்னு ஒண்ணு வரும், இது ஃபேனை கட்டுப்படுத்துறதுக்காக வெச்ச நம்பர், எல்லா சிப்புலயும் நிஜ சூடு கிடையாது. முதல் தலைமுறை ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ்ல நிஜத்தை விட 20 டிகிரி கூட்டியே காட்டும், வேணும்னே அப்படி வெச்சிருக்காங்க. அந்த மாதிரி சிப்புல பக்கத்துலயே டிடைன்னு ஒரு வரி இருந்தா அதைப் பாருங்க, அதுதான் உள்ள இருக்குற சூடு.

அப்புறம் மதர்போர்டு சிப் காட்டுற லிஸ்ட். இங்கதான் புதுசா வர்றவங்க அலறுவாங்க. ஏயுஎக்ஸ்டின்2, +127 டிகிரி! அய்யோ போர்டு எரியுதுன்னு நான் நெஜமாவே சர்வரை ஷட்டவுன் பண்ணி மூடியைக் கழட்டி விரல் வெச்சுப் பாத்திருக்கேன், ஜில்லுன்னு இருந்துச்சு. அந்த சிப்புல ஆறு ஏழு சென்சார் கால் இருக்கும், போர்டு கம்பெனி அதுல மூணைத்தான் வயர் பண்ணிருப்பான், மிச்சம் காத்துல தொங்குது, அதுல 127ம் வரும் மைனஸ் 128ம் வரும். அதே மாதிரி ஏசிபிஐடிஇசட்னு ஒரு வரி, பல போர்டுல என்ன லோடு குடுத்தாலும் 27.8லயே நிக்கும், அதுவும் டம்மி. எது நிஜம்னு கண்டுபிடிக்க வழி சுலபம், ஒரு டெர்மினல்ல "வாட்ச் -என் 2 சென்சார்ஸ்" ஓட விட்டு, இன்னொண்ணுல சிபியுக்கு லோடு குடுங்க, எது ஏறுதோ அது நிஜம், எது அசையாம நிக்குதோ, இல்ல பைத்தியம் மாதிரி குதிக்குதோ அதை ஒதுக்கிடுங்க. ஒதுக்குறதுக்கு /இடிசி/சென்சார்ஸ்.டி ஃபோல்டர்ல ஒரு சின்ன ஃபைல் போதும், முதல் வரில சிப்புன்னு எழுதி சிப்போட பேர், அடுத்த வரில இக்னோர்னு எழுதி அந்த டெம்ப் நம்பர். லேபிள்னு எழுதி உங்களுக்குப் புரியுற பேரும் வெச்சுக்கலாம். மெயின் கான்ஃபிக் ஃபைலை தொடாதீங்க, அப்டேட் வர்றப்ப தொல்லை.

டிஸ்க் சூடு தனிக் கதை. பழைய பக்கங்கள் எல்லாம் ஹெச்டிடிடெம்ப் இன்ஸ்டால் பண்ணுன்னு சொல்லும், அதைப் பாத்துக்க ஆளில்லாம போய் டெபியன்லேர்ந்தே தூக்கிட்டாங்க, அதைத் தேடி அலையாதீங்க. கெர்னல் 5.6லேர்ந்து, அதாவது 2020லேர்ந்து, டிரைவ்டெம்ப்னு ஒரு மாட்யூல் உள்ளயே வருது. "சுடோ மாட்ப்ரோப் டிரைவ்டெம்ப்" போட்டா சாட்டா டிஸ்க்கும் அதே சென்சார்ஸ் லிஸ்ட்ல வந்து நிக்கும், ஒவ்வொரு பூட்லயும் தானா ஏற /இடிசி/மாட்யூல்ஸ்-லோட்.டி ஃபோல்டர்ல ஒரு ஃபைல்ல அந்தப் பேரை எழுதி வெச்சிடுங்க. என்விஎம்இ டிஸ்க்னா அது கூட வேண்டாம், தானாவே வரும், அதோட எல்லை எவ்வளவுன்னு பக்கத்துல அதுவே சொல்லும். இல்லன்னா ஸ்மார்ட்மான்டூல்ஸ் போட்டு ஸ்மார்ட்சிடிஎல்ல பாக்கலாம், சாட்டாவுல 194ம் நம்பர் வரிதான் டெம்பரேச்சர். எவ்வளவு இருந்தா சரின்னு கேப்பீங்க. சுத்துற ஹார்ட்டிஸ்க்குக்கு பொதுவா 60 டிகிரி வரைக்கும்னு கம்பெனிக்காரன் எழுதிருப்பான், நான் 45ஐ தாண்டினா காத்து எங்க அடைச்சிருக்குன்னு பாக்க ஆரம்பிச்சிடுவேன். ஆனா ரொம்ப குளிர வைக்கணும்னும் அவசியம் இல்ல, 2007ல கூகுள் லட்சத்துக்கும் மேல டிஸ்க்கை வெச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, அதுல சூடு ஏற ஏற டிஸ்க் சாகும்னு எல்லாரும் நெனச்ச அளவுக்கு நேரடி சம்பந்தம் கிடைக்கல, ரொம்ப அதிக சூட்டுலதான் வித்தியாசம் தெரிஞ்சுது.

லோடு குடுத்துப் பாக்குறதுக்கு ஸ்ட்ரெஸ்-என்ஜின்னு ஒரு டூல், "ஸ்ட்ரெஸ்-என்ஜி --சிபியு 0 --டைம்அவுட் 300எஸ்"னு போட்டா எல்லா கோரையும் அஞ்சு நிமிஷம் வேலை வாங்கும். பூஜ்யம்னா எதுவும் வேண்டாம்னு அர்த்தம் இல்ல, இருக்குற எல்லா கோரும்னு அர்த்தம். ஏறி ஏறி ஒரு இடத்துல நிக்கணும், அது 70ஓ 80ஓ, நின்னா சரி. நிக்காம எல்லைக்கே போய் முட்டுச்சுன்னா சிபியு தானா வேகத்தைக் குறைச்சுக்கும், இதுக்குப் பேர் த்ராட்லிங். சர்வர் நிக்காது, மெதுவா ஆகும், அதனாலதான் பல பேருக்கு இது சூடு பிரச்சனைன்னே தெரியாது, டேட்டாபேஸ் ஸ்லோன்னு கொயரியை நோண்டிட்டு இருப்பாங்க. கெர்னல் எழுதுற லாக்கை காட்டுற டிமெஸ்ஜி (டி, எம், இ, எஸ், ஜி) கமாண்ட்ல "கோர் டெம்பரேச்சர் அபவ் த்ரெஷோல்ட், சிபியு க்ளாக் த்ராட்டில்ட்"னு வரி இருக்கான்னு தேடுங்க, இருந்தா கொயரியை விட்டுட்டு ஹீட்சிங்க்கை பாருங்க.

இப்ப ஃபேன். எல்எம்-சென்சார்ஸ் கூட ஃபேன்கன்ட்ரோல்னு ஒரு சர்வீஸ், டெபியன் உபுண்டுல தனி பேக்கேஜா இருக்கும். அதுக்கு கான்ஃபிக் எழுதிக் குடுக்குறது பிடபிள்யூஎம்கான்ஃபிக் கமாண்ட் (பிடபிள்யூஎம்ங்குறது ஃபேன் வேகத்தை கூட்டிக் குறைக்கிற சிக்னல்). இதை ஓட்டினதும் ஒரு எச்சரிக்கை குடுக்கும், ஒவ்வொரு ஃபேனா அஞ்சு செகண்ட் நிறுத்தப் போறேன், வேண்டாம்னா இப்பவே கன்ட்ரோல்-சி அடின்னு. ஏன் நிறுத்துதுன்னா எந்த கன்ட்ரோல் கம்பி எந்த ஃபேனை ஆட்டுதுன்னு அதுக்கு வேற எப்படியும் தெரியாது, ஒண்ணை நிறுத்திட்டு எந்த ஃபேனோட வேகம் விழுதுன்னு பாக்கும். அதனால சர்வர்ல லோடு இல்லாத நேரத்துல, பக்கத்துல உக்காந்து பண்ணுங்க. ரிமோட்ல ராத்திரி பண்ற வேலை இது இல்ல.

முடிச்சதும் /இடிசி/ஃபேன்கன்ட்ரோல்னு ஒரு ஃபைல் எழுதும். அதுல முக்கியமா நாலு நம்பர். மின்டெம்ப், இந்த சூட்டுக்குக் கீழன்னா ஃபேன் கம்மி வேகத்துல போதும். மேக்ஸ்டெம்ப், இதைத் தொட்டா முழு வேகம். மின்ஸ்டாப், ஓடிட்டு இருக்குற ஃபேன் நிக்காம சுத்துறதுக்கு வேண்டிய குறைஞ்ச சக்தி. மின்ஸ்டார்ட், நின்னுட்டு இருக்குற ஃபேனை கிளப்புறதுக்கு வேண்டியது. கடைசி ரெண்டும் 0லேர்ந்து 255 வரைக்கும் இருக்குற அளவுல இருக்கும். நின்ன வண்டியைத் தள்ளுறதுக்கும் ஓடுற வண்டியைத் தள்ளுறதுக்கும் உள்ள வித்தியாசம்தான், அதனால மின்ஸ்டார்ட் எப்பவும் கூடத்தான் இருக்கும். மின்டெம்ப்புக்கும் மேக்ஸ்டெம்ப்புக்கும் நடுவுல நேர்கோடா ஏத்தும், பத்து செகண்டுக்கு ஒரு தடவை பாத்துக்கும்.

என் கதை இங்கதான். மின்ஸ்டாப்பை சத்தம் வேண்டாம்னு ரொம்ப கீழ வெச்சேன், 40ன்னு ஞாபகம், ஃபேன் அழகா மெதுவா சுத்துச்சு, நானும் சந்தோஷமா விட்டுட்டேன். கொஞ்ச மாசத்துல தூசி படிஞ்சு ஃபேன் இறுகிடுச்சு, அந்த 40 அதுக்கு பத்தல, நின்னுடுச்சு. சூடு கொஞ்சம் ஏறும், சாஃப்ட்வேர் கொஞ்சம் கூட்டும், ஆனா கிளம்புற அளவுக்கு வர்றதுக்குள்ள சிபியு 90ஐத் தாண்டிடும், அப்புறம் திடீர்னு ஃபேன் கத்தும், மறுபடி அடங்கும், மறுபடி நிக்கும். வாரக்கணக்கா இது நடந்திருக்கு, பேக்கப் ஜாப் ஏன் நேரம் ஆகுதுன்னு விசாரிக்கப் போய்த்தான் கண்டுபிடிச்சேன். அதுலேர்ந்து பிடபிள்யூஎம்கான்ஃபிக் டெஸ்ட்ல வர்ற நம்பரை விட முப்பது நாப்பது கூட்டித்தான் வைக்கிறேன், கொஞ்சம் சத்தம் வந்தா வரட்டும்.

இன்னொரு குழி, ஹெச்டபிள்யூமான் ஃபோல்டருக்குள்ள இருக்குற 0, 1, 2 நம்பர் நிலையானது இல்ல. கெர்னல் அப்டேட் பண்ணி ரீபூட் போட்டா, இல்ல மேல சொன்ன டிரைவ்டெம்ப்பை புதுசா சேத்தா, வரிசை மாறிடலாம். ஃபேன்கன்ட்ரோல் அதை கவனிச்சு, கான்ஃபிக் பழசாயிடுச்சு மறுபடி பிடபிள்யூஎம்கான்ஃபிக் ஓட்டுன்னு சொல்லி ஸ்டார்ட் ஆக மாட்டேன்னு நின்னுடும், அது நல்லதுக்குத்தான், தப்பான சென்சாரைப் பாத்து ஃபேனை ஓட்டுறதுக்கு பதில் ஓட்டாம இருக்குறது மேல். அதனால முதல்ல எல்லா மாட்யூலையும் சேத்து முடிச்சு, ரீபூட் பண்ணி, அப்புறம் ஃபேன் பக்கம் வாங்க. "சுடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் ஃபேன்கன்ட்ரோல்" கடைசில. நிறுத்தணும்னா சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் போட்டே நிறுத்துங்க, அப்பத்தான் ஃபேனை பழைய நிலைக்கோ முழு வேகத்துக்கோ திருப்பிக் குடுத்துட்டுப் போகும், கில் -9 போட்டா கடைசியா எந்த வேகத்துல இருந்துச்சோ அதுலயே ஃபேன் உறைஞ்சு நிக்கும்.

பிடபிள்யூஎம்கான்ஃபிக் ஓட்டினா "பிடபிள்யூஎம் வசதி உள்ள சென்சார் மாட்யூல் எதுவும் இல்ல"ன்னு வருதா? ஒண்ணு மாட்யூல் ஏறல, இல்ல உங்களோடது பிஎம்சி வெச்ச ரேக் சர்வர். பிஎம்சின்னா அங்க ஃபேன்கன்ட்ரோலை மறந்துடுங்க. ஐபிஎம்ஐடூல் இன்ஸ்டால் பண்ணி "சுடோ ஐபிஎம்ஐடூல் எஸ்டிஆர் டைப் டெம்பரேச்சர்" போட்டா இன்லெட், அவுட்லெட், சிபியு எல்லாம் அழகா பேரோட வரும். இதுல இன்லெட்தான் தங்கமான நம்பர், சர்வருக்குள்ள போற காத்தோட சூடு. டேட்டா சென்டருக்கு ஆஷ்ரே அமைப்பு பரிந்துரைக்கிறது 18லேர்ந்து 27 டிகிரி. சிபியு சூடு ஏறி இன்லெட் அப்படியே இருந்தா பிரச்சனை சர்வருக்குள்ள, ரெண்டும் சேந்து ஏறினா பிரச்சனை ரூம்ல. ரா கமாண்ட் அனுப்பி பிஎம்சி ஃபேனையும் அடக்கலாம்னு நெட்ல எழுதிருப்பாங்க, மாடலுக்கு மாடல் அந்த நம்பர் மாறும், நான் பண்ண மாட்டேன். அந்த ஃபேன் சிபியுக்கு மட்டும் சுத்தல, மெமரிக்கும் ரெய்டு கார்டுக்கும் சேத்துத்தான் சுத்துது, அதோட சூடு உங்க கண்ணுக்கே தெரியாம இருக்கலாம்.

தெர்மல்டின்னு ஒண்ணும் கேள்விப்பட்டிருப்பீங்க. அது இன்டெல் எழுதினது, இன்டெல் சிபியுவுக்கு மட்டும்தான், ஃபேனை விட சிபியுவோட பவரைக் குறைச்சு சூட்டை அடக்குறதுதான் அதோட வழி. லேப்டாப்புக்கு நல்லது, சர்வர்ல பெருசா தேவைப்படாது.

கடைசியா, நீங்க இல்லாதப்ப யார் பாக்குறது? ஒரே ஒரு சர்வர்னா ஒரு குட்டி ஸ்கிரிப்ட் போதும், "சென்சார்ஸ் -ஜே" போட்டா ஜேசனா குடுக்கும், அதுலேர்ந்து நம்பரை எடுத்து எல்லையைத் தாண்டினா மெயில் அனுப்புற மாதிரி எழுதி கிரான்ல அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓட விடுங்க. நாலஞ்சு சர்வர் இருந்தா ப்ரோமிதியஸும் (எல்லா சர்வரோட நம்பரையும் ஒரே இடத்துல சேக்குற டூல்) ஒவ்வொரு சர்வர்லயும் நோட் எக்ஸ்போர்ட்டரும் போடுங்க, நோட் எக்ஸ்போர்ட்டர் இந்த ஹெச்டபிள்யூமான் ஃபைலை எல்லாம் தானாவே எடுத்து 9100 போர்ட்ல குடுத்துடும், தனியா எதுவும் ஆன் பண்ண வேண்டாம். அலர்ட் வைக்கிறப்ப ஒரு செகண்ட் 85 தொட்டதுக்கெல்லாம் வைக்காதீங்க, சிபியு சூடு ஒரு கம்பைல் ஓட்டினாலே குதிச்சுட்டு இறங்கும், அஞ்சு நிமிஷம் தொடர்ந்து மேல நின்னா மட்டும் கூப்பிடுன்னு வைங்க. இல்லன்னா முதல் வாரத்துல நாப்பது மெயில் வரும், ரெண்டாவது வாரம் நீங்களே அந்த மெயிலை எல்லாம் தானா ஆர்க்கைவுக்கு தள்ளுற மாதிரி ஃபில்டர் போட்டுடுவீங்க. ஃபேன் வேகத்துக்கும் ஒரு அலர்ட் வைங்க, சுத்தவேண்டிய ஃபேன் 0 ஆர்பிஎம் காட்டினா உடனே, இதுக்கு மட்டும் அஞ்சு நிமிஷம் எல்லாம் காத்திருக்க வேண்டாம்.